ரீஃபைத் தாண்டிப் போன ஊசி

வைர ஊசிமுனையால ஒரு பொருளை மெல்ல அழுத்தி, முனை எவ்வளவு உள்ள இறங்குதுன்னு பார்த்து, பொருள் எவ்வளவு கெட்டின்னு சொல்ற பொழப்பு என்னோடது. அந்தக் குழியோட ஆழம் தலைமுடி கனத்துல இருபதுல ஒரு பங்குகூட வராது. டெஸ்டிங் லேபுல குப்பை கொட்டுற சகோதர சகோதரிகளே, இதை வெளியாளுக்குப் புரியவைக்கிற பாடு உங்களுக்குத் தெரியாததா?

குழி எங்கே?

கோலார் தங்கவயல்ல எங்க லேப் திறந்த புதுசு. லேத் பட்டறைக்காரர் ஒருத்தர் தான் செஞ்ச பிளேடைக் கொண்டுவந்தார். டெஸ்ட் முடிச்சுத் திருப்பிக் கொடுத்தேன். வெளிச்சத்துல பிடிச்சார், விரலால தடவினார், லென்ஸ் வச்சும் பார்த்துட்டார். ஒண்ணும் தெரியல. முப்பது குழி போட்டிருக்கேன்னு நான் அடிச்சுச் சொன்னேன். மனுஷன் என்னைப் பாவமா பார்த்தார். "இந்த ஊர்ல குழி தோண்டினேன்னு சொன்னா, ரெண்டு பேராவது உள்ள விழணும் சார்."

கௌதமியின் கால்

எங்க மெஷினுக்கு அதிர்வு ஆகாது. கதவைச் சாத்தினாலே கிராஃப் துள்ளும். கோரமண்டல் ஸ்டேஷனுக்குள்ள ரயில் நுழைஞ்சா அதுக்குத் தெரிஞ்சுடும். அதுக்கு முன்னாடி, என்கூட வேலை செய்யற கௌதமிக்குத் தெரிஞ்சுடும். ஸ்கெலட்டன்னு பேர் வச்ச குடியிருப்புல இருந்து வர்ற பொண்ணு. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலைத் தரையில வச்சுத்தான் உக்காருவா. சட்டுன்னு மெஷினை நிறுத்துவா, பின்னாடியே வண்டிச் சத்தம் கேக்கும். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு.

ஒரு நாள் பெங்களூர் இன்ஜினியர் ஒருத்தர் ரிப்போர்ட் இப்பவே வேணும்னு பறந்தார். கௌதமி திரும்பிக்கூடப் பார்க்கல. "வண்டி போவட்டும் சார். அது சொன்ன நேரத்துக்கு வந்துக்கீது, நீங்கதான் சொல்லாம வந்துட்டீங்க."

எவ்ளோ ஆழம்?

மாரிகுப்பத்துல கஸ்தூரின்னு ஒருத்தங்க. சின்னச் சின்ன ஸ்டீல் பின்களுக்கு மெல்லிசா குரோம் பூசித் தர்ற பட்டறை, கூட ஆறு பொம்பளைங்க வேலை. பெங்களூர் கம்பெனி ஒண்ணு, பூச்சு கெட்டியா இருந்தா வருஷம் பூரா வேலை தர்றதா சொல்லி, பின்னை எங்ககிட்ட அனுப்பிச்சது. இல்லன்னா பட்டறையை மூட வேண்டியதுதான். நான் டெஸ்ட் பண்ணேன். பூச்சு பொதபொதன்னு இருக்குன்னு கம்பெனிக்கு எழுதிட்டேன்.

மறுநாள் கஸ்தூரி வந்து நின்னாங்க. சத்தம் போடல. "எவ்ளோ ஆழம் போனீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. எங்கப்பா, தாத்தா எல்லாம் சுரங்கத்துல இறங்கினவங்க. ஆழம்னா எனக்கு ஒரு கெத்து. ஒன்றரை மைக்ரான்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். பூச்சே ரெண்டு மைக்ரான்தானாம். பூச்சுல பத்துல ஒரு பங்குக்கு மேல ஊசி இறங்கினா, அடியில இருக்கிற ஸ்டீலும் சேர்ந்து அமுங்கி கணக்கைக் கெடுத்துடும். முந்தின நாள் தடிமனான இரும்புத் தகட்டுக்கு வச்ச செட்டிங்கை நான் மாத்தவே இல்ல! ரீஃப்னா தங்கம் ஓடுற கல்லுன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கஸ்தூரி கிராஃபை என் பக்கம் திருப்பினாங்க. "ரீஃபைத் தாண்டிப் போயி வெறுங்கல்லைத் தோண்டிட்டு, தங்கம் இல்லன்னு எழுதிட்டீங்களே சார்."

போன்

கௌதமி உடனே செட்டிங்கைக் குறைச்சு, இருபத்தஞ்சு குழி புதுசா போட்டா. ஒவ்வொண்ணும் கம்பெனி கேட்டதுக்கு மேலயே நின்னுது. அவ்வளவு மெல்லிசா, அவ்வளவு கெட்டியா, இருபத்தஞ்சு இடத்துலயும் ஒரே மாதிரி! பெரிய தொழிற்சாலை பூச்சுலகூட நான் இப்படிப் பார்த்ததில்ல.

அப்புறம் கம்பெனி ஆபீசருக்கு போன் போட்டு, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுற சத்தம் கேட்டுது. கஸ்தூரி முந்தானை நுனியை முறுக்கிட்டே நின்னாங்க. கடைசியில, புது ரிப்போர்ட்டை அனுப்புங்க, வேலையை அவங்களுக்கே தர்றோம்னு சொன்னார். கஸ்தூரி பெஞ்சுல உக்காந்து முகத்தை மூடிக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து, கண்ணைத் துடைச்சுட்டு ஜன்னலைக் காட்டினாங்க. "நீங்க ஒத்துக்குவீங்கன்னு நெனைக்கல சார். சண்டைக்கு ஆறு பேரையும் கூட்டினு வந்து கேட்டாண்ட நிக்க வச்சிருக்கேன், போயி அனுப்பிட்டு வந்துடறேன்."

எதையும் அளந்துடுற இந்த மெஷின்ல, தப்பு பண்ணிட்டு நிக்கிறவனோட மூஞ்சியை அளக்க மட்டும் வசதி வைக்காம விட்டது நம்ம ஜாதகத்துல நல்ல கட்டம்னுதான் சொல்லணும்.