விரலில் கோடு விழும் மாதம்

ஆறாவது மாதத்தில் எனக்கு லீவு போட வேண்டியதாயிற்று. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலை. படியேறக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பிள்ளை. பகலெல்லாம் படுத்துப் படுத்து அலுத்துப்போயிருந்த நாட்களில்தான் பக்கத்துப் போர்ஷன் பெண் அறிவியல் புத்தகத்தோடு வந்தாள். எட்டாவது படித்தாள். அவள் அம்மா ஷூ தைக்கும் பிரிவில் இருந்தார். அப்பாவுக்கு டேனரியில் வேலை, தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது.

வயிற்றில் குழந்தை வளர்வதைப் பற்றிய பக்கங்களை மட்டும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம்.

"அம்மாவக் கேட்டா சிரிக்குது. நீங்க சொல்லுங்கக்கா."

நான் படித்தது பி.காம். வயிறு இருக்கிறது என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. போனில் தேடிப் படித்து, எனக்குப் புரிந்ததை அவளுக்குச் சொன்னேன். முகம் உருவாகும் முன்பே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. சுற்றியிருக்கிற தண்ணீரைக் குழந்தை குடிக்கிறது, அதிலேயே மூத்திரமும் போகிறது. இதைச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கை முதலில் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும், நடுவே உள்ள செல்கள் செத்துப்போன பிறகுதான் விரல்கள் தனித்தனியாகப் பிரியும் என்று சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. தன் கையை விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இந்தச் சந்தெல்லாம் செத்துப்போன எடமாக்கா?"

ஆமாம் என்றேன். அவள் போன பிறகு நானும் என் கையை விரித்துப் பார்த்தேன்.

இன்னொரு நாள் கைரேகை. ஐந்தாம் மாதம் முடிவதற்குள் விரல் நுனியில் கோடுகள் விழுந்துவிடுகின்றன, இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒரே மாதிரி இருக்காது. அவளால் சும்மா இருக்க முடியவில்லை. என் ஆபீஸ் பையிலிருந்த ஸ்டாம்ப் பேடில் தோய்த்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் விரல், என் விரல், அவள் அம்மா விரல் எல்லாவற்றையும் பதித்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவள் அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னுது விழாது பாப்பா."

ரேஷன் கடை மிஷினிலும் அவர் விரல் விழாது, கருவிழியைக் காட்டித்தான் பொருள் வாங்குகிறார் என்று அவள் அம்மா சொன்னார். இவள் விடவில்லை. பிடித்து இழுத்துப் பதித்தாள். தாளில் வழவழவென்று ஒரு நீலத் திட்டு மட்டும் விழுந்தது.

"வயித்துக்குள்ள இருக்கும்போது அப்பாவுக்குக் கோடே வரலியாக்கா?"

வந்திருக்கும், சுண்ணாம்பில் தேய்ந்திருக்கும் என்றேன். திரும்ப வருமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை வேலூருக்குச் செக்கப்புக்குப் போனபோது என் பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு டாக்டரிடம் இதையும் கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். கோட்டின் அச்சு தோலின் அடி அடுக்கில் இருக்கிறது, மேல்தோல் தேய்ந்தாலும் கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் பழையபடியே வளரும் என்றார். வந்து சொன்னேன். ஆனால் அவள் அப்பாவுக்கு ஏது ஓய்வு?

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, சோறு இறங்காமல் கிடந்தார். அவள் பாடம் கேட்க வரவில்லை. ஒரு நாள் வந்து, அழுதுவிட்டுப் போனாள். காமாலை இறங்கி அவர் எழுந்து உட்கார ஆரம்பித்ததும் மறுபடி ஸ்டாம்ப் பேடைக் கேட்டாள். வாரத்துக்கொரு முறை அவர் கட்டைவிரலைப் பதித்துக் கொண்டுவந்து காட்டுவாள். முதலில் ஓரத்தில் இரண்டு கீறல். பிறகு நடுவில் வளைவு. ஒரு தாளில் முழுச் சுழியும் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இருவரும் மாறி மாறிப் பார்த்தோம்.

ஒரு காலையில் அவரே ரேஷன் கடையிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்தார். அதற்குமுன் என்னோடு பேசியதே கம்மி.

"விழுந்திச்சிம்மா," என்றார். பிறகு, பாப்பா ஸ்கூலிலிருந்து வந்தால் தானே சொல்லிக்கொள்வதாகவும் நான் முந்திக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் அவர் வேலைக்குத் திரும்பினார். எனக்கும் நாள் நெருங்கிவிட்டது.

பெண் பிறந்தாள். வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் குழந்தையின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மெத்தென்ற ஒரு இடம் மெல்ல ஏறி இறங்கியது.

"இன்னாக்கா இது, இன்னும் மூடலியே. முடியறதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டாளா?"

எலும்பு ஒன்றுசேர இன்னும் நாளாகும் என்று, பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த என் அம்மா யாரோ கேட்டதற்குச் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குமேல் எனக்கும் தெரியாது. அவள் புத்தகத்தில் பாடம் பிரசவத்தோடு முடிந்திருந்தது. என் போன் எங்கே என்று கேட்டேன். அவள் அதற்குள் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.