பெட்டிக்குத்தான் விலை

எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாத பொருள் ஒன்று இருந்தது. நகையுமல்ல, காணி உறுதியுமல்ல. பழைய வீடியோ கேம் ஒன்றின் கேசட், அதன் அட்டைப் பெட்டியோடு. அம்மாவின் கூறைச் சேலைக்குப் பக்கத்தில், அலுமாரியின் மேல் தட்டில் அது ராசா மாதிரிப் படுத்திருந்தது.

அதை அனுப்பியவர் ஜெர்மனியில் இருந்த பெரிய மாமா. சின்ன மாமா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருக்கென்று ஆசையாக வாங்கி, கொழும்புக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். ஆனால் இங்கே எல்லார் வீட்டிலும் இருந்தது புறக்கோட்டையில் வாங்கிய மலிவு மெசின். அதன் வாய்க்குள் இந்த வெளிநாட்டுக் கேசட் நுழையவே இல்லை. அண்ணனின் மனம் நோகும் என்று, நன்றாக விளையாடுகிறேன் என்று போனில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சின்ன மாமா அதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டாராம். நான் பிறந்து, வளர்ந்து, நாலாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

அப்போது சின்ன மாமா கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தார். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு. ஹார்ட்வெயார் கடை வேலையை விட்டுவிட்டு, நெட் கஃபேயில் போய்ப் போய் இருந்தார். அப்படி இருந்த ஒரு நாள்தான், பழைய கேம்களை வாங்கிச் சேர்ப்பதற்கென்றே வெளிநாடுகளில் பைத்தியங்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். எங்கள் அலுமாரி ராசாவின் விலையைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். மூச்சிரைக்க மாடியேறி வந்து, முதல் வேலையாகக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேசட் பாடம்தான். நான் அவருடைய ஒரே மாணவி. பெட்டியின் மூலை மழுங்கியிருந்தால் விலை குறையும். லேபிளில் யாராவது பெயர் எழுதியிருந்தால் குறையும். வெயில் பட்டு நிறம் மங்கினால் குறையும். ஆக மொத்தம், விளையாடாத விளையாட்டுச் சாமானுக்குத்தான் மதிப்பு. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லிப் பெரிய ஆளாகியிருந்தேன்.

விற்கிற காசில் மாமா வெளிநாடு போகப் போகிறார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரருக்கு முற்பணம் கட்ட வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. பிளேனில் ஜன்னலோரம் இருக்கச் சொல்லி நான் மாமாவுக்கு ஆலோசனை கூறினேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு வேறு கதைக்குப் போனார்.

ஒரு பின்னேரம் மாமா இல்லாத நேரத்தில் அந்த ஏஜென்சி ஆள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்து இருத்தி, பயணத்துக்கு என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று மெல்லக் கேட்டாள். மழைக்கோட்டு ஒன்று, கொஞ்சம் பிஸ்கட், கனக்க எலுமிச்சம்பழம் என்றார் அவர். பிளேனுக்குள் மழை பெய்யாதே என்று நான் இடையில் புகுந்து சொன்னேன். அவர் சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. அவர் போன பிறகும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் நின்றாள்.

அன்றைக்குத்தான் அம்மா முதன்முறையாகக் கேசட்டைப் பற்றி என்னிடம் கேட்டாள்.

"பெட்டிக்கோ விலை, உள்ளுக்கு இருக்கிறதுக்கோ?"

எனக்குப் பெருமையில் புளுகம் தாங்கவில்லை. பெட்டிக்குத்தான் விலை, அதில் ஒரு சின்னக் கறை பட்டாலும் சரி, கதை முடிந்தது என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். அம்மா வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள்.

வாங்குபவரும் கிடைத்தார். கொட்டாஞ்சேனைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி, இப்படிப்பட்ட சாமான்களைச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர். நல்ல நாள் என்று மாமா அவரை விஜயதசமி காலையில் வரச் சொன்னார். அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூசைக்கு வழக்கம்போல என் புத்தகங்களையும் அப்பாவின் கல்குலேட்டரையும் அம்மாவின் தையல் மெசினையும் கும்பத்துக்கு முன்னால் வைத்தோம். விற்கப்போகிற சாமான்தானே, அதையும் வைத்தெடுத்தால் நல்ல விலைக்குப் போகும் என்றாள் அம்மா. மாமாவுக்கும் அது சரியாகப் பட்டது. பாரம் எதுவும் ஏறாதபடி, புத்தகங்களுக்கு மேலே அவரே பக்குவமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பூசையில் வைத்த பொருள்களுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அம்மா எல்லாவற்றுக்கும் வைத்தாள். பன்னீரில் தளதளவென்று குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். என் புத்தகங்களுக்கு விரல் நுனியால் தொட்டு ஒரு பொட்டு. மாமாவின் பெட்டிக்கு மட்டும் நல்ல தாராளமாக, பெரிய பொட்டு.

பூக்களும் மறைத்திருந்ததால் மாமா அன்றைக்குக் கவனிக்கவில்லை. பூசையில் வைத்ததை விஜயதசமிக்கு முதல் எடுக்கக்கூடாது என்பதால் யாரும் தொடவுமில்லை. மறுநாள் காலை வியாபாரி வந்து கதிரையில் இருந்த பிறகுதான் மாமா சாமியறைக்குள் போனார். போனவர் வெளியே வர நேரமெடுத்தது. வரும்போது ஈரத் துணியால் துடைத்தும் பார்த்திருந்தார். சந்தனம் போயிருந்தது. அட்டையில் ஊறிய குங்குமம் இன்னும் அகலமாகப் பரவி, அந்த இடம் பொருமியிருந்தது.

வியாபாரி கோபிக்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே மனம் கஷ்டப்பட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"பொட்டிக்குத்தான் தம்பி வெல. இத நான் ஆருக்குக் குடுக்க ஏலும்?"

உள்ளேயிருந்த கேசட்டுக்கு மட்டும் ஒரு விலை சொன்னார். ஏஜென்சிக்காரரின் கண்ணில் காட்டவே கூச்சப்படும் விலை. மாமா வேண்டாம் என்று தலையாட்டினார். வியாபாரி பூசைக் கடலையில் ஒரு பிடி வாங்கிக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"நாசமாக்கிப் போட்டியள் அக்கா. உங்களுக்கு ஒண்டும் விளங்காது."

மாமா இதைக் கத்திச் சொல்லவில்லை. பல்கனிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. பெரிய ஆம்பிளை அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை, எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிற அம்மா அன்றைக்குப் பூசைப் பூக்களைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

குறித்த தவணைக்கு முற்பணம் கட்டாததால் மாமாவின் இடம் வேறு யாருக்கோ போனது. இப்போது அவர் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்திலேயே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான் கம்பஸுக்குப் படிக்கப் போன பிறகு ஒரு நாள், அந்தப் பயணம் பிளேனில் அல்ல, மீன்பிடிக்கிற வள்ளத்தில் என்று பகிடி மாதிரிச் சொன்னார். வழியில் எஞ்சின் நின்று, தண்ணீரில்லாமல், அதில் போனவர்களில் கனபேர் திரும்பி வரவேயில்லையாம். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது என்றும் சொன்னார். பிளேன் என்றே அவளை நம்ப வைத்திருந்தாராம். எலுமிச்சம்பழம் கடலில் வாந்தி வராமலிருக்க என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாமாவுக்கு முன்னால் அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த விஜயதசமி மத்தியானம் குசினியில் அம்மா தனியாக நின்றாள். மாமா பேசியதில் மனமுடைந்துபோய் நிற்கிறாள் என்றே எண்ணினேன். போய் இடுப்பைக் கட்டிப்பிடித்து, உங்களுக்குத் தெரியாதுதானே, மாமா பேசினது பிழை என்று ஆறுதல் சொன்னேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஓம் பிள்ளை, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்."

பாவம் அம்மா, அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.