மேவிஸ் ட்ரெகியரின் சுற்றுலாப் பேச்சு

மேவிஸ் ட்ரெகியர் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். பள்ளிக்கூடம் அவளைத் தேடவில்லை. அவள் அங்கே இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. மக்காய் என்ற கடலோர ஊருக்கு வடக்கே, கரும்பு வயல்களுக்கு நடுவில் இருந்த வீட்டில் எட்டு மாடுகளுக்குப் பால் கறந்தாள். அந்த மாடுகளிடம்கூடத் தேவைக்கு மேல் பேசியதில்லை. கடைக்குப் போனால் வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டுவாள். ஒருமுறை சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள், ஒரு பை மாவு வேண்டும் என்று வாயால் கேட்பதற்குப் பதிலாக மூன்று மைல் திரும்பி நடந்து சீட்டை எடுத்து வந்தாள். கடைக்காரர் அதைப் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் வண்டி ஓட்டுவாள். கரும்பு லாரி, டிராக்டர் எல்லாம் அவள் கைக்குப் பூனைக்குட்டி மாதிரி அடங்கும். யுத்தம் வந்து அண்ணன் ஆர்ச் பட்டாளத்துக்குப் போனபோது, தன் இருபது இருக்கைப் பேருந்தை அவளிடம்தான் விட்டுப் போனான்.

"பஸ்ஸுக்கு நீ பேசணும்னு இல்ல மேவிஸ். கியரை மட்டும் மெதுவாப் போடு. அது கோவக்காரி."

அப்போது மேவிஸுக்கு முப்பத்தைந்து வயது. அவள் மௌனத்தைப் பற்றி யாரும் குறை சொல்லாத வேலை என்று முதன்முதலில் அமைந்தது அதுதான்.

1943இல் மக்காய் முழுக்க அமெரிக்க விமானப்படைக்காரர்கள். நியூகினியில் மாதக்கணக்காகப் பறந்து களைத்தவர்களைப் பத்து நாள் விடுப்பில் இங்கே அனுப்பிவைத்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள ஊரில் ஒரு உபசரிப்புக் குழு இருந்தது. தலைவி திருமதி ஓல்டர்ஷா. நல்ல உயரம், அதற்கு மேல் ஒரு தொப்பி, தொப்பிக்கு மேல் ஒரு இறகு. பதினான்கு துணைக்குழுக்கள் அவர் கையில் இருந்தன. விடுப்பில் வந்தவன் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அது ஊருக்கே அவமானம் என்பது அவர் கொள்கை.

எனவே காலை ஏழு மணிக்கெல்லாம் விடுதி மேற்பார்வைக்காரி வந்து படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய்விடுவாள். எட்டுக்கு டென்னிஸ். பத்துக்குக் குதிரைச் சவாரி. பன்னிரண்டுக்கு மாட்டிறைச்சியும் முட்டையும். மூன்று மணிக்கு மாதர் சங்கத்துத் தேநீர், கூடவே பாட்டு. ஏழுக்கு நடனம் ஆரம்பித்தால் நள்ளிரவு வரை நீளும். ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு ஓய்வு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்தன.

செவ்வாய், புதன், வெள்ளி மதியங்களில் தேநீர் வேண்டாதவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் பேருந்து. வண்டி மேவிஸினுடையது. பெட்ரோல் குழு கொடுத்தது. பேச்சு திரு ரட்கினுடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ரட்கின், கரும்பைப் பற்றி நாற்பத்தொரு பக்கம் எழுதி வைத்திருந்தார். முன்னால் நின்றுகொண்டு அதைத் தகர மெகாபோனில் வாசிப்பார். கண் அயர்ந்தவன் தோளில் அதே மெகாபோனால் தட்டுவார்.

"தம்பி, இப்ப நான் என்ன சொன்னேன்?"

"கரும்பு சார்."

"கரும்புல என்ன?"

"இனிப்பு சார்."

முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பதினொன்று. ஜூலையில் நான்கு. திருமதி ஓல்டர்ஷா பேருந்தின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள வண்டி நிறையணும். இல்லன்னா இந்தப் பெட்ரோலை நடனக் குழுவுக்குக் கொடுத்துடப் போறேன். பொண்ணுங்களை அழைச்சிட்டு வர அவங்களுக்கு வண்டி இல்ல."

பெட்ரோல் போனால் பேருந்து தார்ப்பாய்க்குள் போகும். மேவிஸ் மறுபடி மாடுகளிடம் போவாள்.

அந்த வாரம்தான் ரட்கினின் பல் வலி முற்றியது. பிரிஸ்பேனில் பல் மருத்துவர் ஒரே தடவையில் எல்லாப் பற்களையும் பிடுங்கி அனுப்பிவிட்டார். ஈறு ஆறிப் புதுப் பல்செட் வர எட்டு வாரமாகும். அதுவரை அவரால் கஞ்சி குடிக்க முடியும், கரும்பைப் பற்றிப் பேச முடியாது.

"அதனால என்ன," என்றார் திருமதி ஓல்டர்ஷா. "மேவிஸ், நீயே பேசிடு. தெனமும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்க?"

முடியாது என்று சொல்ல மேவிஸ் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திருமதி ஓல்டர்ஷா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை நான்கு பேர் ஏறினார்கள். மேவிஸ் வண்டியை எடுத்தாள். சர்க்கரை ஆலை வந்தபோது இடது பக்கம் விரலை நீட்டினாள். பாலம் வந்தபோது வலது பக்கம் நீட்டினாள். டோரல் முனையில், கடலைப் பார்த்த மேட்டில், சவுக்கு மரங்களின் நிழலில் வண்டியை நிறுத்தி, இனி ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வியர்த்துப்போய்த் திரும்பினாள்.

நான்கு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் வாய் திறந்திருந்தது. இன்னொருவன் ஜன்னலில் கன்னத்தை வைத்து, எச்சில் ஒழுக, குழந்தை மாதிரி கிடந்தான். அவன் லூயி. விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு உட்காருபவன். விடுதியில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் அவன் மேசைக்கு அடியில் போய்விடுவதை மேவிஸ் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். அவளுக்கு அவர்களை எழுப்ப மனம் வரவில்லை. பின்னிக்கொண்டிருந்த காலுறையை எடுத்தாள். அந்தக் கரையில் கடல் வற்றினால் ஒரு மைல் உள்ளே போய்விடும். அது போய்க்கொண்டே இருந்தது. நாலரை மணிக்குத் தேநீர்க் குடுவையின் மூடியில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாள்.

சார்ஜெண்ட் டெல்மர் என்ற நெட்டை ஆள் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தான். காதருகே வைத்துக் கேட்டான்.

"மேடம், இது ஓடுதா?"

மேவிஸ் தலையாட்டினாள்.

"மூணு மணி நேரமா? மார்ச் மாசத்துலேர்ந்து நான் சேர்ந்தாப்புல மூணு மணி நேரம் தூங்குனதில்ல." குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமையும் வண்டி உண்டா?"

வெள்ளிக்கிழமை இருபது பேர் வந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கு முப்பத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள். டென்னிஸுக்கு ஆள் இல்லை. மாதர் சங்கத்துப் பாட்டை மாதர்களே கேட்டுக்கொண்டார்கள். மேவிஸ் தன் வேலையைக் கவனமாகச் செய்தாள். குழி இல்லாத சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுத்தாள். கடகடத்த பின்பக்கத் தகரத்தில் சாக்கைத் திணித்தாள். சர்க்கரை ஆலை முன்பு போலவே இடது பக்கத்தில் இருந்தது. பார்க்க விரும்பியவர்கள் பார்த்திருக்கலாம்.

சிக்கல் கருத்துப் புத்தகத்தில் வந்தது. சுற்றுலா முடிந்து இறங்கும் ஒவ்வொருவரும் அதில் ஏதாவது எழுதவேண்டும் என்பது குழுவின் விதி. நன்றாகத் தூங்கினோம் என்று எழுதினால் அன்றோடு சரி. ஆகவே டெல்மர் "மிஸ் ட்ரெகியர் கரும்பைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கினேன்" என்று எழுதினான். லூயி "ஆலையில் கரும்பைப் பிழியும் உருளைகள் பற்றிய விளக்கம் என் வாழ்க்கையை மாற்றிவிட்டது" என்று எழுதினான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள்.

புத்தகத்தைப் படித்த திருமதி ஓல்டர்ஷா பூரித்துப்போனார்.

"உனக்குள்ள இப்படி ஒருத்தி இருக்கான்னு யாருக்கும் தெரியலையே மேவிஸ்! வர்ற புதன்கிழமை நானே வந்து கேக்கறேன். நல்லா இருந்தா நகர மண்டபத்துல ஏற்பாடு பண்ணிடலாம். முன்னூறு நாற்காலி போடலாம்."

நன்றாக இருந்தால் முன்னூறு நாற்காலி. இல்லாவிட்டால் தார்ப்பாய்.

டெல்மர், ரட்கின் வீட்டுக்குப் போய் நாற்பத்தொரு பக்கத்தையும் வாங்கி வந்தான். மேவிஸ் அதைக் கோழிகளுக்கு வாசித்துப் பழகினாள். முதல் நாள் கோழிகள் கேட்டன. இரண்டாம் நாள் அவை கூண்டுக்குள் போய்விட்டன. படைவீரர்களும் சும்மா இருக்கவில்லை. தூங்குவதில்லை என்று இருபது பேரும் சத்தியம் செய்தார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி பிரித்துக்கொண்டார்கள்.

"லூயி, உன் கேள்வி என்ன?" என்று டெல்மர் ஒத்திகை பார்த்தான்.

"ஆலையில எத்தனை உருளை மேடம்?"

"எப்ப கேப்ப?"

"நீ முழங்கையால இடிச்சதும்."

புதன்கிழமை திருமதி ஓல்டர்ஷா முதல் இருக்கையில், பிரம்பு பின்னிய சாய்மானத்தில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது பேரும் கண்களை அகல விழித்துக்கொண்டு, திருடனைப் பிடிக்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஆலை அருகே மேவிஸ் வண்டியை ஓரங்கட்டி, காகிதத்தை ஸ்டியரிங்கில் வைத்து, யாரையும் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினாள்.

ரட்கின் வாசித்தால் வரிக்கு வரி இடி இடிக்கும். மேவிஸின் குரலோ தூரத்தில் ஓடும் தையல் இயந்திரம் மாதிரி ஒரே சீராக வந்தது. எத்தனை ஏக்கர், எத்தனை டன், எந்த வருஷம் எவ்வளவு மழை. மூன்றாம் பக்கத்தில் பின்வரிசை சரிந்தது. நான்காம் பக்கத்தில் டெல்மர் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டே தூங்கிப்போனான். அவன் முழங்கை லூயியின் விலாவில் போய் விழுந்தது.

"எத்தனை உருளை மேடம்?" என்றான் லூயி, கண்ணைத் திறக்காமல். மேவிஸின் வாசிப்பு அப்போது ஆலையைத் தாண்டிப் பாலத்துக்கு வந்திருந்தது.

எல்லாம் கெட்டுப்போனது என்று நினைத்தவள் மெல்லக் கண்ணாடியில் பார்த்தாள். திருமதி ஓல்டர்ஷாவின் தொப்பி இறகு ஆடியது. முன்னால் சாய்ந்தது. நிமிர்ந்தது. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து அங்கேயே தங்கிவிட்டது. பதினான்கு துணைக்குழுக்களின் தலைவி யுத்தம் தொடங்கியதிலிருந்து உட்கார்ந்ததே அபூர்வம். பிரம்புச் சாய்மானத்தில் கன்னத்தை வைத்து மெல்லிய குறட்டை விட்டார். மேவிஸ் காகிதத்தை மடித்துவிட்டு, வழக்கமான பாதையில் சவுக்கு மர நிழலுக்கு வண்டியை விட்டாள்.

கடல் போனது. காலுறையின் குதிகால் முடிந்தது. மூன்றரை மணிக்குத் திருமதி ஓல்டர்ஷா விழித்தார். சுற்றிலும் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்து நின்று, கைகளை ஓங்கித் தட்டுவதற்காக அகலமாக விரித்தார்.

"உக்காருங்க," என்றாள் மேவிஸ்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது மேவிஸ் என்பதால் திருமதி ஓல்டர்ஷா அதிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கை தட்டுனா அந்தப் பையன் சீட்டுக்கு அடியில போயிடுவான்," என்று மேவிஸ் கிசுகிசுத்தாள். "ஏழு மணிக்கு அவங்க படுக்கையை உருவிடறாங்க. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஆட வைக்கிறீங்க. அவங்களுக்குத் தூங்க வேற இடம் கிடையாது. நான் கரும்பைப் பத்தி ஒரு நாளும் பேசினதில்ல. புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் பொய். பெட்ரோலை எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க. ஆனா நாலரை மணி வரைக்கும் யாரையும் எழுப்பாதீங்க."

அவள் பிறந்ததிலிருந்து பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

"ஊர் சுற்றிக் காட்டக் கொடுத்த பெட்ரோல்ல ஊரையே தூங்க வெச்சிருக்க!" என்று திருமதி ஓல்டர்ஷா சீறினார். அவரும் கிசுகிசுத்துத்தான் சீறினார். "எவ்வளவு நேரமா இந்தக் கூத்து?"

"நீங்க ஒண்ணரை மணி நேரமா மேடம்."

"நானா? நான் தூங்கல."

மேவிஸ் பின்னால் பார்க்கும் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். திருமதி ஓல்டர்ஷாவின் வலது கன்னம் முழுக்கப் பிரம்புப் பின்னல், கட்டம் கட்டமாக, அச்சடித்தாற்போல் பதிந்திருந்தது.

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், அதாவது கடல் இருந்த இடத்தை.

"இது மறைய எவ்வளவு நேரமாகும்?"

"நாலரைக்குள்ள போயிடும். எல்லாருக்கும் போயிடும்."

"அப்ப சரி," என்று சொல்லி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடது கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார்.

இறங்கும்போது கருத்துப் புத்தகத்தில் அவரும் எழுதினார்: "மழை அளவு பற்றிய பகுதி மிக விரிவாக இருந்தது. இந்தச் சுற்றுலாவுக்கு மண்டபம் பொருந்தாது. பேருந்திலேயே தொடரவேண்டும்." பெட்ரோல் தொடர்ந்தது. புதுப் பல்செட்டோடு வந்த ரட்கினுக்கு மழைநாள் உரை என்று தனித் துணைக்குழுவே கொடுத்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் வரை மழை பெய்யவில்லை. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் மட்டும் இருபத்தொன்றாவதாக ஒரு பெயர் யுத்தம் முடியும்வரை இருந்தது: ஓல்டர்ஷா, ஆய்வுக்காக. அவருக்காக மேவிஸ் ஒரு மடக்கு நாற்காலியும் தலையணையும் வாங்கிப் போட்டாள்.

ஆர்ச் உயிரோடு திரும்பி வந்தான். பேருந்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மேவிஸ் அதில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். அவர்கள் அவளுக்கும் சேர்த்துப் பேசினார்கள்.

1947இல் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "மேடம், உங்க ஊர்க் கடற்கரை உலகத்துலேயே அழகுன்னு வீட்டுல ரெண்டு வருஷமா அளந்துட்டு இருக்கேன். அது எப்படி இருக்கும்னு இப்ப பொண்டாட்டி கேக்கறா. மூணு தடவை வந்தேன், ஒரு தடவைகூடப் பார்க்கல. ஏதாவது படம் இருந்தா அனுப்புங்க. டெல்மர்."

மேவிஸ் சீட்டு எழுதிக் கடையில் நீட்டி, டோரல் முனைப் பட அட்டை ஒன்று வாங்கினாள். படத்தில் சவுக்கு மரங்களுக்குக் கீழே பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். பின்பக்கத்தில் என்ன எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் எழுதினாள்:

"புள்ளி வைத்த இடத்தில் வண்டி நின்றது. கடல் எதிரே. ஆலை படத்தில் வரவில்லை, அது இடது பக்கம்."