இரண்டு வெள்ளை வம்சம்

பதுளையில் நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் எலி அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்காரர்தான். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் மகன். நான் அதே தோட்டத்தில், கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். இருவரும் படித்தது ஒரே பட்டம். அது அவருக்கு ஒருநாளும் ஞாபகம் வந்ததில்லை.

எலிகளில் ஒரு வம்சம் சுத்தமாக வேண்டுமென்றால் அண்ணனையும் தங்கையையும் இணை சேர்க்க வேண்டும். அப்படியே இருபது தலைமுறை போனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடும். மருந்து சோதிக்க அதுதான் வசதி. இதை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் கையைக் காட்டினார்.

"இதுக்கு எலியே தேவையில்ல. இவங்க அம்மா சொந்தத் தாய்மாமனைக் கட்டினவங்க. தம்பிக்குப் பொறப்புலயே காது கேக்காது. லயத்துல இதெல்லாம் சகஜம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். என் அம்மாவை, என் தம்பியை, அத்தனை பேர் முன்னால்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே அறையில், அதே பிள்ளைகள் முன்னால் இந்த ஆள் தலைகுனிய வேண்டும் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. தேயிலை ஃபேக்டரி மெஷினுக்குப் பொட்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா, எலிக்கூண்டுகளையும் விடவில்லை. எந்தக் கூண்டில் எந்த வம்சம் என்று எழுதி மாட்டியிருந்த அட்டைகளைக் கழற்றிவிட்டு, கூண்டுகளைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். கற்பூரம் காட்டியபின் அட்டைகளைத் தன் ஞாபகத்தை நம்பித் திரும்ப மாட்டினார். அங்கே இரண்டு வெள்ளை வம்சங்கள் இருந்தன. கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. அட்டை மாறியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. வாயைத் திறக்கவில்லை.

அவர் பாட்டுக்கு இணை சேர்த்துக்கொண்டே போனார். வெள்ளைத் தோலுக்கு அடியில் ஒவ்வொரு வம்சமும் வேறொரு நிறத்தை ஒளித்து வைத்திருக்கும். கறுப்பு எலியோடு சேர்த்தால் குட்டியில் அது வெளியே வந்துவிடும். அவர் கூண்டில் பிறந்த ஒரு வெள்ளை ஆணை என் பொறுப்பில் இருந்த ஒரு கறுப்புப் பெண் எலியோடு விட்டேன். அட்டையில் எழுதியிருந்த வம்சமானால் குட்டிகள் அத்தனையும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். மயிர் முளைத்தபோது பாதிக் குட்டிகள் பழுப்பு; இரண்டு வெள்ளை வம்சமும் கலந்துவிட்டிருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வகுப்பில் அவர் ஒரு வெள்ளை எலியைத் தூக்கிக் காட்டி, சுத்தமான வம்சம் என்று பெருமையாகச் சொன்னார். நான் குட்டிகளோடு கூண்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"சார், இது உங்க வெள்ளை ஆணுக்கும் ஒரு கறுப்பு எலிக்கும் பொறந்த குட்டிங்க. எங்க அப்பா அம்மா யாருன்னு தோட்டத்துக்கே தெரியும். உங்க எலிக்கு அப்பன் யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

பழுப்பு நிறத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப் போனது. பிள்ளைகள் இந்த முறையும் சிரித்தார்கள். அந்த எலிகள் இனி எதற்கும் உதவாது, அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இன்றுவரை துளி வருத்தம் இல்லை.

வகுப்பு முடிந்ததும் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "நாம ஒரே தோட்டத்து ஆளுங்கதானே. என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே" என்றார், குரல் இறங்கி.

"எங்கம்மாவப் பத்தி நீங்க தனியாவா சார் சொன்னீங்க?"