ஹம்சவேணியின் ஸ்கூட்டி ஏலம்

தங்கப்பாண்டி அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு முதலில் திட்டத்தான் வரும். திட்ட உரிமையும் இருக்கிறது. பதினாறு வருடமாக என் கடையில் டிசைனராக இருக்கிற மனிதர். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'அன்னக்கொடி டிஜிட்டல்ஸ்' என்று ஒரு ஃபிளெக்ஸ் கடை இருக்கிறதே, அது என் கடை. அன்னக்கொடி நான்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் இந்தப் பக்கத்து முகங்களில் முக்கால்வாசி அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வெளியே போயிருக்கின்றன.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தாய்மாமன் படம் எம்புட்டுப் பெரிதாக இருக்க வேண்டும், பெரியப்பா பெயருக்கு முன்னால் சித்தப்பா பெயர் வந்தால் எந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரார் சொந்தபந்தமெல்லாம் விரல் நுனியில் இருக்கும். அவருக்கென்று இருந்தது ஒரே ஆள், ஹம்சவேணி அக்கா.

அக்கா மதுரை மகால் பக்கத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பெண். அண்ணன் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். மதுரையில் அவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது, அவள் அப்பா கடைக்குப் பில் புத்தகம் அடிக்கப்போய் ஆரம்பித்த பழக்கம், ரிஜிஸ்தர் ஆபீஸில் முடிந்தது. இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். இருபத்துமூன்று வருடம் சாத்தியது சாத்தியபடியே இருந்தது. பிள்ளையும் இல்லை. அக்கா ரவிக்கைக்கு ஆரி ஊசியில் பூவேலை செய்து, தன் ஸ்கூட்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. தினமும் காலையில் அக்கா பின்னால் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார். "என்னண்ணே, இன்னைக்கும் அக்காதான் டிரைவரா?" என்று கேட்டால், "ஆமா, நான் ஓனரு" என்பார்.

போன ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள். போய்விட்டாள். அண்ணன் பக்கத்து ஆட்கள் மாலை போட வந்தார்கள். போட்ட மாலை வாடுவதற்குள் போயும்விட்டார்கள். அஞ்சலி போஸ்டரை அவரே உட்கார்ந்து டிசைன் செய்தார். இருநூறு அடித்தோம். திருமங்கலத்தில் ஒட்டினோம், உசிலம்பட்டியில் ஒட்டினோம்.

"அண்ணே, மகால் பக்கம் ஒரு அம்பது ஒட்டச் சொல்லவா? அக்காவோட அண்ணனுக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் அன்னம்."

"கூடப்பொறந்தவருண்ணே."

"ஒட்டி, பாத்துட்டும் வரலைன்னா? அதையும் நான் பாக்கணுமா?"

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு பத்து மாதத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், ஒரு கடுதாசியாவது போடுங்கள், சொல்லாமல் இருப்பது பாவம் என்று. தலையை ஆட்டுவாரே தவிரச் செய்ய மாட்டார்.

அக்கா போன பிறகு ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வர ஆரம்பித்தார். "கடை லீவுண்ணே" என்றால், "தெரியும். சும்மா பழைய ஃபைலெல்லாம் ஒழுங்குபண்ணலாம்னு வந்தேன்" என்பார். சாவியைக் கொடுத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்கு மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தின்பார். ஒரு நாள் காலையில் குரல் கரகரவென்று வந்தது. சளியா என்று கேட்டேன். "இல்ல அன்னம். சாயங்காலம் இங்கேருந்து போனா மறுநா இங்க வந்துதான் வாயைத் தொறக்குறேன். மொதப் பேச்சுக்குத் தொண்டை கட்டிக்கிருது" என்றார். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஆவணி பிறந்ததும் வண்டியை விற்கப்போகிறேன் என்றார். மாடிப்படிக்கு அடியில் காற்று இறங்கிப்போய் நிற்கிறது, வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முதலில் அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டியிருக்கிறது என்றார். பழைய வண்டி வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். போனில் ஏலம் விடுகிற தளம் ஒன்றைப் பற்றி என் வீட்டுக்காரர்தான் சொன்னார். படம், தலைப்பு, விவரம், ஆரம்ப விலை, கடைசித் தேதி, இவற்றைப் போட்டுவிட்டால் போதும். ஒரு வாரத்தில் யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு வண்டி. விளம்பரம் தயாரிக்கக்கூட அந்தத் தளத்திலேயே வசதி உண்டு, ஐந்து நிமிட வேலை.

நம்ம ஆளுக்கு அது ஆகுமா? "இதென்னத்தா, சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கிவிட்டு, தன் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். ஆவணி மாதம். பதினொரு ஃபிளெக்ஸ் பாக்கி. காதுகுத்துக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். இவர் ஸ்கூட்டிப் படத்தில் பின்னணியை வெட்டிக்கொண்டிருக்கிறார்! கண்ணாடிக் கம்பி ஓரத்தை மயிரிழை மயிரிழையாக வெட்டினார். வண்டியின் இடது பக்கம் ஒரு கீறல். அதை அழித்தார். பிறகு, "வாங்குறவன ஏமாத்துற மாதிரி இருக்கு" என்று திரும்பவும் வரவழைத்தார். நிழல் கொடுத்தார், அது பிடிக்காமல் எடுத்தார். நாலு நாள்!

"அண்ணே, அது விக்கப்போற வண்டி. பொண்ணு பாக்க வரல யாரும்" என்று கத்தினேன்.

"முடிஞ்சிருச்சு அன்னம், முடிஞ்சிருச்சு" என்றார்.

அவர் தளத்தில் ஏற்றிய பிறகுதான் நான் பார்த்தேன். படம் அம்சமாகத்தான் இருந்தது. மேலே 'மாபெரும் ஏலம்', அதற்குக் கீழே ஸ்கூட்டி, மாடல் வருடம், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் இருந்தன. அடியில் ஒரு சிவப்புப் பட்டை. அதில் மஞ்சள் எழுத்து: 'அனைவரும் வருக! அன்புடன் அழைக்கும் ஹம்சவேணி – தங்கப்பாண்டி'.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. அழைக்கிறவர்கள் வரிசையில் உயிரோடு இருக்கிறவர் பெயர்தான் வரும். தவறியவர் பெயரைத் தெய்வத்திரு சேர்த்து மேலே போடுவோம். இதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பார் இவர்! முதலில், ஏலத்துக்கு எதற்கையா அழைப்பு வரி?

"என்னண்ணே இது? தவறுனவுங்க பேர அழைப்புல போட்டு வச்சிருக்கீங்க?"

அவர் குனிந்து அந்த வரியைப் படித்துப் பார்த்தார். "கை தானா அடிச்சிருச்சு அன்னம்" என்றார். மவுசைப் பிடித்தார், அழிக்கவில்லை. "எத்தன ஆயிரம் வீட்டுக்கு இந்த வரிய அடிச்சிருப்பேன். எங்க வீட்டுல இருந்து ஒரு அழைப்புப் போனதில்ல. காதுகுத்தா, கல்யாணமா, என்னத்துக்குப் போக? எங்க ரெண்டு பேரு பேரும் இப்படிச் சேந்து வந்து நானே இன்னைக்குத்தான் பாக்குறேன். ஒரு நா இருக்கட்டும். நாளைக்கு மாத்திர்றேன்."

நான் கறாராக இருந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது. சரி என்று விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் யாரோ விலை கேட்டிருக்கிறார்கள். ஒரு விலை விழுந்துவிட்டால் அந்தத் தளத்தில் விளம்பரத்தை மாற்ற முடியாதாம். ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாதாம்.

அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. ஏலத்துக்கு அழைப்பிதழ் அடித்த அதிசயம் என்று மதுரை வரைக்கும் போய்விட்டது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தவசி கடைக்கே வந்து, "அண்ணே, ஏலத்துக்குக் கறிச்சாப்பாடு உண்டா? மொய் எழுதணுமா?" என்று கேட்டான். "உன் வாயில கொள்ளியை வைக்க, போடா அங்கிட்டு" என்று விரட்டினேன். அண்ணன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

எட்டாயிரத்தில் ஆரம்பித்த விலை பதினாலில் போய் நின்றது. அதோடு முடியும் என்று நினைத்தோம். ஆனால் யாரோ ஒருவர் விடவில்லை. எதிரில் யாருமே கேட்காதபோதும் அவரே தன் விலையின்மேல் கூட்டிக் கூட்டிக் கேட்டு நாற்பதாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த வண்டியை இரண்டு தடவை வாங்கலாம் அந்தக் காசுக்கு. "கிறுக்குப் பயலா இருப்பான் போல" என்றேன். ஏலம் முடிகிறவரை பெயர் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஏலம் முடிந்து பெயர் வந்தது. கிரிதரன், மகால் ஐந்தாவது தெரு.

அண்ணன் முகம் செத்துப்போனது. "ஹம்சாவோட அண்ணன்" என்றார். ஏலத்தை ரத்து பண்ணலாமா என்று கேட்டார். "மரியாதையா இருங்க. வரட்டும். வந்தா உண்மையச் சொல்லிருங்க" என்றேன். நாளைக்கு என்கூட இரு என்று கெஞ்சினார். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தங்கப்பாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார் கிரிதரன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு சீப்புப் பழமும் வாழையிலையில் மடித்த பூவும் இருந்தன. மாடிப்படிக்கு அடியில் நின்ற வண்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"ஹம்சா உள்ள இருக்காளா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

"என்மேல கோவமாத்தான் இருப்பா. இருக்கட்டும். எனக்கு வண்டி வேண்டாங்க, அவளே ஓட்டட்டும். வண்டிய விக்கிற அளவுக்கு என்ன கஷ்டமோன்னு நெனச்சேன். கையில குடுத்தா வாங்க மாட்டா. அதான் ஏலத்துல கேட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "மொதல்ல வரத் தயக்கமாத்தான் இருந்துச்சு. அம்மாகிட்ட அந்தப் படத்தக் காட்டுனேன். அன்புடன் அழைக்கும்னு அவ பேரு போட்டிருக்குல்ல? கூப்பிட்டுட்டாடா, இதுக்கு மேல என்ன வீம்பு, போய்ப் பாத்துட்டு வான்னாங்க."

நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

"மச்சான், அவ போன ஐப்பசியில தவறிட்டா."

கிரிதரன் பூவையும் பழத்தையும் வண்டி சீட்டில் வைத்தார். எதையோ கணக்குப் பார்ப்பவர் மாதிரி நின்றார். "பத்து மாசமா?" என்றார். "பத்து மாசமா எங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னா வருவீங்களோ, மாட்டீங்களோன்னு..."

"அத நான்ல முடிவு பண்ணணும்!" அந்த மனிதருக்குள் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கப்பாண்டி அண்ணன் நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரியில மூணாம் நாளு அவ கேட்டா. எங்க அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கன்னா. வெளிய போய் நின்னுட்டு வந்து, போட்டேன், எடுக்கலன்னு சொல்லிட்டேன். நான் போடவேயில்ல மச்சான். நீங்க எடுத்துட்டு, யாருன்னு தெரிஞ்சதும் வச்சுட்டா அவ தாங்க மாட்டான்னு பயந்துட்டேன்."

பதினாறு வருடம் பழகிய எனக்கே அது தெரியாது. அந்த நிமிடம் அவரை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. அட கூறுகெட்ட மனுஷா! எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அல்லவா அவள் கண்ணை மூடியிருப்பாள். அதே நிமிடம் அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன்.

கிரிதரன் படியில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்து அழுதார். சத்தமே இல்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தார். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நீங்க போஸ்டர் அடிக்கிறவர்தானே?" என்று அண்ணனிடம் கேட்டார். "அம்பது அடிங்க. எங்க தெருவுல ஒட்டணும். எங்க ஆளுங்க பேரெல்லாம் நாளைக்குப் போன்ல சொல்றேன். அவுங்க பேரு மட்டும் போதும். உங்க பேரு அதுல வேண்டாம்."

பூவையும் பழத்தையும் எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். ஏலத்தை நான்தான் ரத்து செய்தேன்.

திங்கட்கிழமை சொன்னபடி போன் வந்தது. "நான் அடிக்கிறேண்ணே, நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன். கேட்கவில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல இவர் தட்டினார். தாயார் ராதாமணி, தந்தை தெய்வத்திரு சௌரிராஜன், அண்ணன் கிரிதரன், தம்பி வெங்கடேஷ்பாபு, மருமகள் காவ்யஸ்ரீ என்று போய்க்கொண்டே இருந்தது. சந்தேகம் வந்தபோது எழுத்துக் கூட்டிக் கேட்டுத் திருத்தினார். அக்கா படத்தைச் சுற்றி இருபத்தாறு பெயர். அதில் பாதிப் பேர் அவள் வீட்டை விட்டு வந்த பிறகு பிறந்தவர்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்னால், எல்லா வேலைக்கும் கூப்பிடுவது போலவே என்னைக் கூப்பிட்டார்.

"அன்னம், ஒரு தடவ பாத்துரு. யாரு பேரும் விட்டுப்போயிரக் கூடாது."

நான் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். "யாரு பேரும் விட்டுப்போகலண்ணே" என்றேன். சரி என்று அச்சுக்குக் கொடுத்தார்.