நின்ற வண்டியில் தேய்ந்த டயர்

"இன்னைக்கு உன்ற முறைடா!"

"மழைங்ணா... இந்த மழையில என்னால..."

"எனக்கு மட்டும் வெயிலா அடிக்குது? நேத்து கெட்டி டயர் வண்டிய நான் எடுத்தேன். இன்னைக்கு நீ. போர்டைப் பாரு!"

"போர்டை நீங்களே வெச்சுக்கங்க! அது ரோட்டையே புடிக்க மாட்டேங்குது. மேட்டுப்பாளையம் தாண்டி மேல ஏறுனா பின்சக்கரம் சோப்பு மாதிரி..."

"அப்ப நான் சாகோணுமா?"

"யாரு சாகச் சொன்னா? நீங்க எட்டு வருசமா ஓட்டறீங்க, எனக்கு..."

பிரான்சிஸ் பிரவின்குமாரின் காலரைப் பிடித்து அவனைச் சுவரோடு அறைந்தான். பிரவின் கையிலிருந்த ஹெல்மெட்டை வீசினான். அது பிரான்சிசின் வாயில் பட்டது. உதடு கிழிந்து ரத்தம் தாடை வரை வழிந்தது.

மணி மதியம் 1:50. போன வருடம் அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.

இது நடந்தது. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். இனி சொல்லப்போகிற தேதி, மணி, அளவு எல்லாம் என் கையால் எழுதி வைத்தவை. நம்ப முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நம்பாமல் இருக்கத்தான் எனக்கும் ஆசை...

பெருந்துறையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஷெட். நெடுந்தூரம் போகிற பைக்குகளுக்கான டயர்களை ஓட்டிப் பார்த்து, எத்தனை கிலோமீட்டர் உழைக்கிறது என்று டயர் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற இடம். ஓட்டுவது பிரான்சிசும் பிரவினும். அளப்பது நான். என் பெயர் மெர்சி. முப்பத்தொரு வருடம் மில்லில் நூல் தரம் பார்த்தேன். மில்லை மூடிய பிறகு இங்கே வந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் வெட்டு, எவ்வளவு ஆழம் மிச்சமிருக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்த்து எழுத வேண்டும்.

அப்போது ஓடியவை இரண்டு வண்டிகள். ஒன்றில் கெட்டி ரப்பர். லேசில் தேயாது. அதனாலேயே நனைந்த ரோட்டில் பிடிக்காது. இன்னொன்றில் மெத்து ரப்பர். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் தன்னில் கொஞ்சத்தை ரோட்டிலேயே விட்டுவிட்டு வரும். கம்பெனிக்குக் கெட்டிதான் இஷ்டம். இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று பெரிதாக விளம்பரம் போடலாமே.

ஒவ்வொருவன் ஓட்டுகிற பழக்கம் ஒவ்வொரு மாதிரி. அதனால் ஒருவன் இன்று கெட்டியை எடுத்தால் நாளைக்கு மற்றவன் எடுக்க வேண்டும். இரண்டு வண்டியும் சேர்ந்தேதான் போகும். முன்னால் போகிறவன் யார் என்பதும் வழியில் மாறும். பின்னால் வருகிறவன் ஹாரனை இரண்டு தடவை சின்னதாக அடித்தால், இடம் மாறு என்று அர்த்தம். யாருக்கு எந்த வண்டி என்பது போர்டில் இருக்கும். எழுதுவது நான்.

போன் அடித்தது. சூப்பர்வைசர் பொங்கியண்ணன்.

"ரெண்டு மணிக்கு வண்டி வெளிய போகோணுங்க. கெட்டிக்கு இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் பாக்கி. மழையெல்லாம் ஒரு காரணமுங்களா?"

நான் போனை வைத்தேன். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"பிரான்சிசு, இன்னைக்கு ஒரு நா நீயே கெட்டிய எடுத்துக்க கண்ணு. சண்டை வேண்டாம். நாளைக்கு அவன் எடுக்கட்டும்."

அவன் உதட்டு ரத்தத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். என்னையே பார்த்தான்.

"நீங்க சொல்றதால போறேனுங்க மெர்சியம்மா. ஆனா இது அவன்ற முறை. போர்டுல மாத்தி எழுதாதீங்க."

நான் மாற்றவில்லை.

2:10-க்குக் கிளம்பினார்கள். 4:52-க்கு என் போன் அடித்தது. பிரவின்.

"அம்மா... மலையில ஆறாவது வளைவுங்க... வழுக்கிருச்சுங்க... லாரி வந்துச்சுங்க... லாரிக்கு அடியில... தலையைக் காணோமுங்க... அம்மா, தலை எங்கன்னே தெரியலீங்க..."

பிரான்சிசின் சவப்பெட்டியை மூடியே மாதா கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அக்டோபர் 27, திங்கள் மாலை கெட்டி வண்டி திரும்பி வந்தது. முன்சக்கரம் அப்பளமாக நெளிந்திருந்தது. ஹேண்டில் பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. நான்கு பேர் தூக்கித்தான் உள்ளே வைத்தார்கள். பின் டயரில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். "டயர் நல்லாத்தான் இருக்குது. வேற வண்டியில போட்டு, பிரவினை விட்டு மிச்சத்தை ஓட்டி முடிச்சுறலாமுங்க."

அளந்தேன். 2.6 மில்லிமீட்டர். வண்டியைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

மறுநாள் காலை 6:00. பழக்க தோஷத்தில் அதையும் அளந்தேன்.

2.5.

கேஜைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்த்தேன். மறுபடி அளந்தேன். 2.5.

0.1 என்பது கெட்டிக்கு ஒரு நாள் ஓட்டம். பெருந்துறையிலிருந்து கோயமுத்தூர், மேட்டுப்பாளையம், மலை ஏறித் திரும்பினால் அவ்வளவுதான் தேயும்.

29-ஆம் தேதி. 2.4. கையை வைத்தேன். டயர் சுட்டது.

அன்று மாலை டயரிலிருந்து தரை வரை சாக்பீசால் ஒரு கோடு போட்டேன். 30-ஆம் தேதி காலை பார்த்தால் தரையில் கோடு அப்படியே இருந்தது. டயரில் இருந்த பாதி மேலே போயிருந்தது. சங்கிலி அசையவில்லை. பூட்டு அசையவில்லை. 2.3.

பக்கத்தில் நின்ற மெத்து வண்டியையும் அளந்தேன். அதுவும் தேய்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தே போயிருக்கின்றன...

பொங்கியண்ணனிடம் சொன்னேன்.

"ஏனுங்க, நிக்கற வண்டியில டயர் தேயுமுங்களா? உங்களுக்கு வயசாயிருச்சு. கண்ணாடியை மாத்துங்க."

"கண்ணாடி நல்லாத்தானுங்க இருக்குது. வந்து தொட்டுப் பாருங்க."

அவர் வரவில்லை.

31-ஆம் தேதி பிரவின் ஷெட்டுக்கு வந்தான். ஒரு வாரமாக லீவில் இருந்தவன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. உள்ளங்கையைக் காட்டினான். ஆக்சிலேட்டர் முறுக்குகிற இடத்தில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. ஆனால் ரத்தம் இல்லை.

"என்ன கண்ணு இது?"

"தூங்குனா வண்டி ஓட்டறேனுங்க."

"கனவா?"

"தெரியலீங்க. முழிச்சுப் பாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது."

"எந்த வண்டி?"

"கெட்டி."

"கூட யாரு?"

அவன் டீ கிளாசைத் தள்ளி வைத்தான்.

"பின்னாடியே வருதுங்க. முந்தவே மாட்டேங்குது. மொகத்தைக் காணோம்... ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க. மொத நாள் ஒண்ணாவது வளைவுல முழிப்பு வந்துருச்சு. அடுத்த நாள் ரெண்டாவது. நேத்து ராத்திரி நாலாவது."

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து... ஆறு.

"என்னைய காப்பாத்திப் போடுங்கம்மா. நீங்க சொன்னா பிரான்சிஸ் அண்ணன் கேப்பாருங்க."

சனிக்கிழமை காலை டயர் 2.1. அவன் போனில் சொன்னான். "அஞ்சாவது, அம்மா."

"இன்னைக்கு ராத்திரி கண்ணை மூடாத. விடிஞ்சதும் என்ற ஊட்டுக்கு வந்துரு."

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள். பிரான்சிசின் கல்லறையில் ஏற்ற மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தேன். போகவில்லை. காலை ஏழு மணிக்கே பிரவின் வந்துவிட்டான். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தது.

"தூங்குனியா?"

"இல்லீங்க."

என் வீடு ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவை உள்ளே தாழ் போட்டேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மதியம் ஆனது. அவன் தலை தொங்கித் தொங்கி விழுந்தது.

"அம்மா... முடியலீங்க. அரை மணி நேரம் சாஞ்சுக்கட்டுங்களா?"

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பட்டப்பகல். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம். பகலில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அவனும் பார்க்கப் பாவமாக இருந்தான்.

"படுத்துக்க கண்ணு. நான் இங்கயேதான் இருக்கறேன்."

இரும்புக் கட்டிலில் படுத்தான். கண்ணை மூடினான். நான் மணி பார்த்தேன்.

2:10.

ஷெட் பக்கம் ஒரு என்ஜின் உறுமியது. இன்னொன்று. இரண்டும் மெல்லத் தேய்ந்து தூரமாகிப் போயின.

எழுப்பினேன். எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினேன். இமை அசையவில்லை. கை இரண்டும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

3:25. லாரி ஹாரன்கள்... பஸ் கண்டக்டர் குரல்... "காந்திபுரம், காந்திபுரம்"... அந்தச் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது.

4:20. ஓட்டின் மேல் மழை. ஜன்னலில் வெயில்.

ரப்பர் கருகும் நாற்றம்.

4:29. பிரவினின் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. கட்டிலும் சாய்ந்தது. இரண்டு கால் தரையில், இரண்டு கால் காற்றில். அப்படியே நின்று மெதுவாக நிமிர்ந்தது.

ஒன்று.

வலப்பக்கம் சாய்ந்தது. இரண்டு.

கதவைத் திறக்க ஓடினேன். தாழ்ப்பாள் சுட்டது. உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

மூன்று.

"பிரவினு! எந்திரிடா! எந்திரி கண்ணு!"

அவன் வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி நீண்டன. பிரேக் பிடிக்கிறான்...

"புடிக்க மாட்டேங்குதுங்க," என்றான். கண் மூடியே இருந்தது.

நான்கு.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன. சில்லென்று இருந்தன.

ஐந்து.

எனக்குப் பின்னால் ஹாரன். சின்னதாக. இரண்டு தடவை.

நான் திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கத்தினேன்.

"பிரான்சிசு! விட்டுரு கண்ணு! உன்னையப் போகச் சொன்னது நான்! தப்பு என்னுது... அவனை விட்டுரு!"

ஹாரன் நின்றது.

மழை நின்றது.

ஒரு நொடி...

யாரோ என் காதருகே மூச்சு விட்டார்கள். ஈர மூச்சு.

4:52.

கட்டில் தூக்கி எறியப்பட்டது. சுவரில் மோதி இரும்புக்கால் மடங்கியது. பிரவின் தரையில் விழுந்தான். விழுந்து நிற்கவில்லை. சிமெண்டுத் தரையில் சரசரவென்று வழுக்கிக்கொண்டே போனான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவன் மேல் ஏறியது. நெஞ்சு அமுங்கியது. எலும்பு ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் கேட்டது. கழுத்து அப்படியே பின்னால் திரும்பியது.

பிறகு சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு டி.வி. மட்டும் பாடியது.

தரையில் பரவிய ரத்தம் சிவப்பாக இல்லை. கறுப்பாக, கெட்டியாக இருந்தது.

தாழ்ப்பாள் இப்போது தொட்டதும் திறந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். ஆம்புலன்சில் வந்த இரண்டு பேர் அவனைத் தூக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை 11:15. ஆஸ்பத்திரி. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பூஜிதா சின்னப் பெண். என்னைத் தனியாக ஓர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பது தெரிந்தது.

"இவரு உங்க ஊட்ல, உங்க கண்ணு முன்னால செத்தாருன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க."

"ஆமாங்க."

"நேத்துச் சாயந்தரம் 4:52-க்கு."

"ஆமாங்க."

"அதுக்கு முன்னாடி உங்ககிட்ட நல்லாப் பேசிட்டு இருந்தாரு."

"காலையில இருந்து பேசிட்டுத்தானுங்க இருந்தான். பக்கத்து ஊட்டுக்காரங்களும் பாத்தாங்க. கேட்டுப் பாருங்க..."

அவர் எதிரே இருந்த காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு தன் பக்கமே இழுத்துக்கொண்டார்.

"லாரி ஏறுன ஒடம்புங்கம்மா இது. அது கூட இருக்கட்டும். இவரு செத்து பதினெட்டு இருபது நாளாச்சு. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். பெரிய டாக்டரும் வந்து பாத்துட்டாரு."

நான் விரல்விட்டு நாளைப் பின்னால் எண்ணினேன். அக்டோபர் 14.

"சொல்லுங்கம்மா... இத்தனை நாளா உங்ககிட்ட வந்து பேசிட்டு இருந்தது யாருங்க?"