என் கத்தரிக்கோலும் அண்ணையின் மானமும்

"தங்கச்சி, ஊரிலை எவடம்?"

பரிஸ் நகரத்து லா சப்பலில் என் சலூனுக்குள் நுழைகிற தமிழ் ஆண்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி இது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்தது வரும். "ஊரிலை எந்தக் கோயிலடி?" வீடு எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் என்று சொன்னால் சாதியைப் பிடித்துவிடலாம் என்பது அவர்களுடைய கணக்கு. தொடக்கத்தில் ஒழுங்காகப் பதில் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், "லா சப்பல் மெத்ரோவடி" என்று சொல்லத் தொடங்கினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் எழும்பிப் போனார்கள். போனால் போகட்டும் சனியன்கள் என்று அடுத்தவருக்குத் துணியைக் கட்டினேன்.

நான் ஒரு பெண். ஆண்களுக்கு முடி வெட்டுகிறேன், முகம் வழிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அந்தத் தொழிலை ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்திருந்தார்கள். நாங்கள் அந்தச் சாதி இல்லை. இதை எழுதவே எனக்கு அரியண்டமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் என் அண்ணை ஏன் அப்படித் துள்ளினார் என்பது விளங்காது. கடையில் இதை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால், "அப்ப நீங்கள் எங்கட ஆக்கள்" என்று பல்லை இளித்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த இளிப்பை என் கண்ணாடியில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

தொழிலை நான் பழகியது முகாமில். 2009இல் போர் முடிந்து எங்களை முள்வேலிக்குள் போட்டிருந்தபோது அப்பாவும் நானும் ஒரே கூடாரத்தில் இருந்தோம். குளிக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளைகளின் தலையெல்லாம் பேன். யாரிடமோ ஒரு மொட்டைக் கத்தரிக்கோல் இருந்தது. அதை வாங்கிப் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைக்கு ஒட்ட வெட்டிவிட்டேன். அடுத்த நாள் எங்கள் வாசலில் வரிசை நின்றது. முதலில் பிள்ளைகள், பிறகு தாய்மார், அதற்குப் பிறகு தகப்பன்மாரும் வந்தார்கள். எந்தக் கோயிலடி என்று ஒருவரும் கேட்கவில்லை. பேனும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு முகத்தில் ஒருநாள் மயிர் நின்றாலும் பிடிக்காது. உடைந்த பிளேடு ஒன்றைத் தடியில் செருகி நான்தான் அவருக்கு வழித்துவிட்டேன். முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். "இப்பதான் மனிசன் மாதிரிக் கிடக்கு" என்பார். அந்த முகாமில் நான் முழுசாகச் செய்துமுடித்த வேலை என்று வேறெதுவும் இருக்கவில்லை.

பரிசில் என் கணவர் ஒரு ரெஸ்ரோறன்ர் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் வந்து சேர்ந்தபோது என்ன வேலை தேடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பிரெஞ்சு தெரியாமலே முடிவெட்டும் படிப்புக்குப் போனேன். சோதனையில் விழுந்தேன். மறுபடி எழுதினேன். பத்திரம் கைக்கு வந்ததும், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில், தமிழ்க் கடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன இடத்தை வாடகைக்கு எடுத்தேன். கண்ணாடி பூட்டிய அன்று அண்ணை வந்தார்.

அண்ணை நான் சிறுமியாக இருந்தபோதே பிரான்சுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து கோப்பை கழுவியவர். பிறகு துப்புரவு வேலை. அதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்தக் காசில்தான் நாங்கள் ஊரில் சாப்பிட்டோம். ஆனால் அந்த அண்ணைதான் என் புது நாற்காலியில் இருக்க மனமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"உனக்கு வேறை வேலை கிடைக்கேல்லையே? துப்புரவு வேலை நான் எடுத்துத் தாறன்."

"எனக்கு இதுதான் வரும், அண்ணை."

"சனம் என்ன கேக்குது தெரியுமோ? உங்கட தங்கச்சி அந்தப் பகுதியிலையோ கலியாணம் கட்டினவ எண்டு கேக்குது."

"கேட்டால் ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ."

அவருக்குக் கண் சிவந்துவிட்டது. எனக்கும்தான். வெள்ளைக்காரன் தின்றுவிட்டுப் போன கோப்பையைக் கழுவலாம், அவனுடைய கக்கூசைத் தேய்க்கலாம், அதில் ஒன்றும் போகாது. ஒரு தமிழனின் தலையைத் தொட்டு வெட்டினால் மட்டும் குடும்ப மானம் கப்பலேறிவிடும்! கண்டறியாத மானம். விமானம் ஏறும்போது பாத்திரம் பண்டத்தை எல்லாம் விட்டுவிட்டு வந்த சனம் இந்த ஒரு சாமானை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

அண்ணை தனியாள் இல்லை. நகைக்கடை வாசலில் நிற்கிற மனுசிகள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள். "பொம்பிளை ஒருத்தி ஆம்பிளையளின்ரை கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்" என்று ஒருத்தி சொன்னது என் காதுபடத்தான். ஒருநாள் காலை கடைக் கண்ணாடியில் வெற்றிலை துப்பியிருந்தது. வாளியில் தண்ணீர் எடுத்துவந்து கழுவினேன். கழுவிக்கொண்டே தூசணத்தால் பேசினேன். தெருவில் போனவர்களில் பாதிப் பேருக்கு விளங்கியிருக்கும். விளங்கட்டும் என்றுதான் பேசினேன்.

முதலில் வந்தவர்கள் ஆபிரிக்கர்களும் வங்காளிகளும். பிறகு இங்கே பிறந்த எங்கள் பெடியன்கள், தாய் தகப்பனுக்குத் தெரியாமல் வந்தார்கள். காதோரத்தைப் படிப்படியாகக் குறைத்து வெட்டுவதில் என் கை நல்லது என்று அவர்களிடையே பேச்சு. கடைசியில் தகப்பன்மாரும் வந்தார்கள், கோயிலடிக் கேள்வியோடு. கேள்வியைக் கொண்டுவந்த வாயைத்தான் நான் வழித்துவிடவேண்டும். வழித்தேன். ஒருவருக்கும் கீறல் விழவில்லை. கோபம் கைக்கு வந்தால் நான் தொழில்காரி இல்லை.

இதற்கிடையில் அண்ணை அப்பாவை ஊரிலிருந்து கூப்பிட்டுப் புறநகரில், லா கூர்நவ்வில் தன்னோடு வைத்திருந்தார். அங்கே அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. என் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள்தோறும் போய்ப் பார்ப்பேன். அண்ணை ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"வா, பார், போ. உன்ரை கத்தி கத்தரிக்கோலை இந்த வீட்டுப் படியேத்தக்கூடாது."

அப்பாவின் முகம் வெள்ளைத் தாடியால் மூடிக்கொண்டு வந்தது. நான் கட்டிலில் இருந்தால் நல்ல கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவுவார். பிறகு என்னைப் பார்ப்பார். வாய் இருக்கிறவர்கள்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

அதற்கு மேல் பொறுக்கமுடியவில்லை. ஒரு திங்கட்கிழமை கைப்பைக்குள் சாமான்களை ஒளித்துக்கொண்டு போனேன். சுடுதண்ணீரில் துவாயை நனைத்து முகத்தில் போட்டபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கன்னம் வழித்து முடிந்தது. மற்றக் கன்னத்தில் நுரை பூசியிருந்தேன். கதவு திறந்தது. அண்ணை அன்றைக்கு வழமையைவிட நேரத்தோடு வேலையால் வந்துவிட்டார்.

"என்ரை வீட்டிலையும் தொடங்கிவிட்டியே?"

"அரைவாசி முடிஞ்சுது. மற்றதையும் முடிச்சுப்போட்டுப் போறன்."

"வெளியிலை போ!"

என் கையிலிருந்த துவாயைப் பறித்து அப்பாவின் கன்னத்து நுரையைத் துடைத்தார். மேசை துடைக்கிற மாதிரித் துடைத்தார். அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஒரு பக்கம் மழுங்க, ஒரு பக்கம் தாடியோடு அவரை விட்டுவிட்டு நான் படியிறங்கினேன். ஸ்டாலின்கிராட்டில் மெத்ரோ மாற இறங்கி அங்கேயே நின்று அழுதேன். கவலையில் இல்லை, ஆத்திரத்தில். என் வாழ்க்கையில் ஒரு வேலையை அரைவாசியில் விட்டது அந்த ஒருமுறைதான்.

அதன் பிறகு அப்பா இருந்தவரை எனக்கு அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அப்பா மருத்துவமனையில் செத்துப்போனார். போய்ப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் தாடி வளர்ந்திருந்தது.

எங்கள் ஆட்களில் ஆண் ஒருவர் இறந்தால் எடுப்பதற்கு முன் முகம் வழிக்கவேண்டும். அதற்கு ஊரில் அந்தச் சாதி ஆளைக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் வேட்டி, அரிசி, தேங்காய், வெற்றிலை வைத்த தட்டத்தை அவருக்குக் கொடுக்கவேண்டும். கொடுப்பது என்றால் கையில் இல்லை. நிலத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு போவார். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் முற்றத்திலேயே பார்த்திருக்கிறேன். தட்டத்தை நிலத்தில் வைத்தது எங்கள் அப்பாதான். அப்போது அண்ணையும் நானும் பக்கத்தில் நின்றோம்.

செத்தவீட்டு அலுவல் பேச அண்ணை வீட்டில் கூடியபோது, "அப்பாவுக்கு நான் வழிக்கிறன்" என்றேன்.

"வாயைப் பொத்து. முறைப்படி ஆள் பிடிக்கிறன்."

"பரிசிலை எங்கை பிடிப்பியள்?"

"அது உனக்குத் தேவையில்லை."

உடலை எடுக்க இன்னும் நாட்கள் இருந்தன. அந்த வீட்டில் இருந்தால் அண்ணையோடு அடிபட்டுவிடுவேன் என்று நான் போய்க் கடையைத் திறந்தேன். தேப்பன் செத்துக் கிடக்கக் கடை திறந்திருக்கிறாள் என்று அதற்கும் ஒரு கதை கிளம்பியது. அன்றைக்கு என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். ரயில் கொம்பனி ஒன்றில் எஞ்சினியர், என் வயதுதான் இருக்கும். ஒருநாளும் கோயிலடி கேட்காதவர். நாற்காலியில் இருந்தவர் துணியைக் கட்டவிடாமல் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்கட அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்தவர்."

"உங்களுக்கோ? ஏன்?"

"என்ரை பேரனார், அப்பாவின்ரை அப்பா, உங்கட ஊரிலை அந்த வேலை செய்தவராம். விசாரிச்சுப் பிடிச்சிருக்கிறார். வந்து உங்கட அப்பாவுக்கு வழிச்சுவிடட்டாம், காசிலை குறை வைக்காமல் கவனிப்பாராம். நான் சின்னனிலை இஞ்சை வந்தனான். எனக்குக் கத்தி பிடிக்கவும் தெரியாது."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"உங்கட தங்கச்சியின்ரை கையைவிடத் திறமான கை பரிசிலை இல்லை, அவவைக் கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்."

அவருக்கு முடி வெட்டினேன். அண்ணை தொழில் தெரியாத ஒருவரை அவருடைய பேரனாரின் தொழிலை வைத்துத் தேடிப் பிடித்திருக்கிறார். தொழில் தெரிந்தவள் கூடப்பிறந்திருக்கிறாள், அவளை வாயைப் பொத்தச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு விசர்த்தனத்தை எங்கள் சனத்தைத் தவிர வேறு யாராலும் செய்யமுடியாது.

எடுக்கிற நாள் வந்தது. அப்பாவைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலைக்கு நான் கைப்பையை ஒளிக்காமல் கொண்டுபோனேன். அண்ணைக்கு ஆள் கிடைக்கவில்லை. தன் முகத்தைத் தானே வழித்து, உதட்டுக்குக் கீழே நாடியில் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு மூலையில் வேட்டியும் வெற்றிலையும் வைத்த தட்டம் மட்டும் தயாராக இருந்தது. அப்பா அதே தாடியோடு கிடந்தார். மலர்ச்சாலையில் வேலைசெய்த பிரெஞ்சுக்காரர் என் பையைப் பார்த்து, "தொழில் தெரிந்தவரா?" என்று கேட்டார். "உய், குவாஃபூஸ்" என்றேன், ஓம், முடிவெட்டுகிறவள் என்று. தலையை ஆட்டி வழிவிட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தேவையாக இருந்தது.

அண்ணை குறுக்கே வந்தார். "வேண்டாம். சனம் வரப்போகுது."

"வரட்டும். பாக்கட்டும். போனமுறை துவாயாலை துடைச்சீங்கள். இண்டைக்குத் துடைச்சுப் பாருங்கோ!"

என் சத்தத்துக்கு ஐயர் மந்திரப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். அண்ணை விலகினார்.

உயிரில்லாத தோலில் வழிப்பது கடினம். வெட்டுப்பட்டால் இரத்தம் வராது, ஆனால் கீறல் பழுப்பாகி அப்படியே நின்றுவிடும். பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, நிறையக் கிறீம் பூசி, மெதுவாகப் போனேன். சனம் வரத் தொடங்கியது. நகைக்கடை வாசல் மனுசிகளும் வந்தார்கள். அன்று விட்டுவிட்டு வந்த கன்னத்தை முதலில் முடித்தேன். பிறகு மற்றது, மூக்கின் கீழ், தொண்டை. எங்கும் கீறல் இல்லை. முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். அது அவர் செய்கிற வேலை. அன்றைக்கு நான் செய்தேன்.

"வழிச்ச ஆளுக்குத் தட்டத்தைக் குடுங்கோ. அதுக்குப் பிறகுதான் மற்றக் கிரியை" என்றார் ஐயர்.

அண்ணை தட்டத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கம் அவரை விடவில்லை போல. முதுகை வளைத்து, தட்டத்தை என் காலடியில் நிலத்தில் வைக்கக் குனிந்தார்.

"நிலத்திலை வைக்காதேங்கோ, அண்ணை" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "கையிலை தாங்கோ. இரண்டு கையாலும் தாங்கோ."

அண்ணை நிமிர்ந்தார். நாடியில் வெட்டுக்காயத்தோடு, இரண்டு கையாலும் தட்டத்தை நீட்டினார்.

நான் ஒரு கையால் வாங்கினேன். மற்றக் கையில் கத்தி இருந்தது.